கொடுத்த ஈற்றடி

1

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை வாணியம்பாடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. முன்பு அதற்கு 46 என்று எண், இப்போது 48. சாலையோர டீக்கடை ஒன்றில் மாலை வேளைகளில் உட்கார்ந்திருப்பது எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் பழக்கம். ஒருவர் ஓய்வுபெற்ற டாக்ஸி டிரைவர். மற்றவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். டிரைவர் நண்பர் ஒரு காலத்தில் சத்தத்தை வைத்தே வருவது என்ன வண்டி என்று சொல்லக்கூடியவர். இப்போது வண்டி கடந்து போய், பின்புறம் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்த பிறகுதான் சொல்கிறார். ‘எல்லாம் ஒரே மூஞ்சி சார்’ என்பது அவர் தீர்ப்பு. எல்லோரும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பியடிக்கிறான் என்பது அவர் சொல்லும் காரணம்.

தீர்ப்பில் எனக்குத் தகராறு இல்லை. காரணத்தில்தான் தகராறு. இலக்கியத்தில் இதே குற்றச்சாட்டை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம், நாமே சொல்லியும் இருக்கிறோம். இரண்டு கவிதைகள் ஒன்றுபோல் இருந்தால் ஒன்று மற்றதன் நகல் என்று எழுதிவிட்டு விமர்சனத்தை முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் நகல் என்ற சொல் எதையும் விளக்குவதில்லை. எதை நகல் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று நகல் செய்பவனுக்கு யார் சொன்னார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கார்களின் சரித்திரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தச் சரித்திரத்தில் ஒரு முரண்பாடும் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். நம் நாட்டில் மூன்றே கம்பெனிகள் கார் செய்துகொண்டிருந்த காலத்தில் ஒரு வண்டியையும் இன்னொரு வண்டியையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. பத்துப் பதினைந்து கம்பெனிகள் போட்டி போடும் இன்று குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. போட்டி வித்தியாசத்தை வளர்க்கும் என்ற பாடத்துக்கு இது நேர் எதிர்.

2

அந்த மூன்று வண்டிகளில் ஒன்றுகூட நம்முடையது அல்ல. அம்பாஸடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாவது வரிசை. 1942-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, பின்னர் வங்காளத்தில் உத்தரபாராவுக்குப் போன ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் அதைச் செய்யத் தொடங்கியது. பம்பாயில் 1944-ல் ஏற்பட்ட பிரீமியர் கம்பெனி முதலில் அமெரிக்க வண்டிகளையும் பிறகு இத்தாலியின் ஃபியட் 1100-ஐயும் செய்தது; அந்த 1100-தான் 1970களில் பத்மினி என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. மூன்றாவது நம் சென்னையுடையது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து செய்த ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர்.

ஆக, ஒன்று ஆங்கிலேயனின் உருண்டை. ஒன்று இத்தாலியப் பொறியாளனின் சிக்கனம். ஒன்று இத்தாலியன் வரைந்து ஆங்கிலேயன் விற்ற கூர்மூலைகள். மூன்றும் வேறுவேறு ஊரில், வேறுவேறு காரணங்களுக்காகப் பிறந்தவை. இங்கே வந்தபின் அப்படியே உறைந்துவிட்டன. 1953-ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உறுப்புகளைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம் என்று சொன்னதும், பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சியவர்களுக்கு லைசென்ஸ் இருந்தது, வரிசையில் நிற்க வாடிக்கையாளர் இருந்தார்கள். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவனிடம் வண்டியின் மூக்கு எப்படி இருக்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் 1959-லேயே ஆக்ஸ்போர்டு வேறு உருவத்துக்குப் போய்விட்டது. நம் அம்பாஸடர் முன்வலையையும் விளக்கையும் மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டு 2014 வரை ஓடியது. ஆகவே அந்தக் காலத்து வித்தியாசத்தைத் தனித்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது மியூசியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் பொருள்களின் வித்தியாசம். ஒன்றை ஒன்று பார்க்காததால் ஏற்பட்டது. டிரைவர் நண்பருக்கு அந்த முகங்கள் மேல் இருக்கும் பாசம் நியாயமானது; ஆனால் அந்த முகங்களை நம்மில் யாரும் சிருஷ்டிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

3

உறைந்துபோகாத நாடுகளில் என்ன நடந்தது? அங்கே கார்கள் ஒன்றுபோல் ஆவது புதிய சங்கதி அல்ல. குறைந்தது மூன்று வழிகளில் அது நடந்திருக்கிறது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘காப்பி’ என்ற ஒற்றைச் சொல் நமக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

முதல் வழி, ஒரே கை. இத்தாலியின் டூரின் நகரத்தில் கார்களின் உருவத்தை மட்டும் வரைந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் உண்டு. அவற்றில் பேர்போனது பினின் ஃபரீனாவுடையது. 1957-ல் லான்சியா கம்பெனிக்கு ஃபிளமீனியா என்ற வண்டியின் உருவத்தைக் கொடுத்தது அந்தப் பட்டறை. 1959-ல் ஆங்கிலேயருக்கு ஆஸ்டின், மோரிஸ் வண்டிகளை வரைந்து கொடுத்தது. 1960-ல் பிரெஞ்சுக்காரருக்கு பெஜோ 404. நேர்கோட்டுத் தோள், பின்னால் செங்குத்தாக நிற்கும் சிறு துடுப்பு, நான்கு பக்கமும் தாராளமான கண்ணாடி. மூன்று தேசங்களின் மூன்று வண்டிகளை ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்றே சொல்லத் தோன்றும். இங்கே ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. ஒரே கையெழுத்துக்கு மூன்று பேர் பணம் கொடுத்திருக்கிறார்கள். இதே டூரின்காரர்களில் அடுத்த தலைமுறையின் ஜியுஜியாரோ 1974-ல் ஜெர்மனிக்கு வோக்ஸ்வாகன் கோல்ஃப், அடுத்த வருஷமே கொரியாவுக்கு ஹூண்டாயின் போனி என்று கொடுத்தார். ஃபியட்டுக்காக 1990களின் தொடக்கத்தில் அவர் செய்து காட்டிய ஒரு மாதிரியை ஃபியட் எடுத்துக்கொள்ளவில்லை. அதுவே வளர்ந்து மாட்டிஸ் என்ற கொரிய வண்டியாக நம் ஊருக்கு வந்தது. வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொன்ன ஜாதகம் இன்னொரு வீட்டில் பொருந்தியது.

இரண்டாவது வழி, காற்று. செப்பலின் ஆகாயக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த பால் யாரை என்ற பொறியாளர் 1920களின் தொடக்கத்திலேயே, தரையில் ஓடும் வண்டியும் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது, ஆகவே அதன் உருவத்தைக் காற்றிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகிறது. அதைத் தள்ளச் செலவாகும் சக்தி எட்டு மடங்கு. 1934-ல் செக்கோஸ்லோவேகியாவின் டாட்ரா 77 அவருடைய வழியில் வந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ வந்தது. ஜனங்கள் ஏர்ஃப்ளோவைத் திரும்பிப் பார்த்தார்கள், வாங்கவில்லை. மூன்று நான்கு வருஷத்தில் அது மறைந்தது. விசித்திரம் என்னவென்றால், விற்காத அந்த வண்டியின் சாயலில்தான் சுவீடனில் ஒரு வோல்வோவும், 1936-ல் ஜப்பானில் டொயோடாக்காரர்களின் முதல் காரும் செய்யப்பட்டன. வெற்றியைத்தான் காப்பியடிப்பார்கள் என்பதும் முழு உண்மை இல்லை.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபின் காற்றின் சொல் சட்டமாயிற்று. அதுவரை அழகுக்கு வளைத்த தகட்டைப் பெட்ரோலுக்காக வளைக்கத் தொடங்கினார்கள். 1982-ல் வந்த ஆடி 100, காற்றுத் தடை எண் 0.30 என்று கண்ணாடியிலேயே எழுதி விளம்பரம் செய்துகொண்டது. காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே மாதிரிப் பதில்தான் வரும். சுறாவுக்கும் டால்பினுக்கும் உறவு கிடையாது. ஒன்று மீன், ஒன்று பால் கொடுக்கும் பிராணி. தண்ணீர் இரண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்த ஒற்றுமையில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் காற்றை மட்டும் காரணம் சொல்லித் தப்பித்துவிட முடியாது. இன்று டீக்கடை முன்னால் போகும் வண்டிகளில் அதிகமானவை உயரமாக, நெற்றி நிமிர்ந்து, பெரிய சக்கரத்தில் நிற்பவை. காற்றுக்குப் பிடிக்காத உருவம் அது. அவையும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றனவே? இங்கேதான் மூன்றாவது வழி வருகிறது.

4

பழைய தமிழ்ப் புலவர்களிடையே ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஈற்றடி கொடுப்பார். மற்றவர் அந்த அடியில் முடியும்படி வெண்பா பாட வேண்டும். காளமேகத்தின் பெயரில் வழங்கும் தனிப்பாடல்களில் பல இப்படிப் பிறந்தவை என்று கதை. வாணியம்பாடியில் தமிழும் உருதுவும் ஒரே தெருவில் காதில் விழும். உருதுக்காரர்களின் முஷாயிராவிலும் இதே வழக்கம் இருக்கிறது. ‘தரஹ்’ என்று ஒரு வரியைக் கொடுத்துவிடுவார்கள். சந்தம், இயைபு, கடைசிச் சொல் எல்லாம் அதிலேயே முடிவாகிவிடும். வந்திருக்கும் கவிஞர்கள் அத்தனை பேரும் அந்த அளவுக்குள் கஜல் சொல்ல வேண்டும்.

கார் கம்பெனிகளுக்கு ஈற்றடி கொடுப்பது சர்க்கார். ஜப்பானில் ‘கேய்’ என்ற சிறு வண்டிக்கு வரிச்சலுகை உண்டு. 1998-லிருந்து அதன் நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இவற்றுக்கு மேல் போகக்கூடாது. உயரத்துக்கு மட்டும் 2 மீட்டர் வரை இடம் விட்டிருக்கிறார்கள். நீளத்திலும் அகலத்திலும் கட்டிப் போட்டவன் வேறெங்கே போவான்? மேலே போனான். தொப்பி கழற்றாமல் உட்காரக்கூடிய டப்பா வடிவம் அப்படி வந்தது. அந்தக் குலத்தில் வந்த வாகன்ஆர் 1999 கடைசியில் இந்தியாவுக்கு வந்தபோது, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து செய்துகொண்டிருந்த சான்ட்ரோவும் அதே நெட்டை. சர்தார்ஜியின் தலைப்பாகைக்கு இடம் என்று விற்பனைக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஜப்பானிய வரி அதிகாரியின் அளவுகோல் அந்த உயரத்துக்குள் இருந்ததை யாரும் சொல்லவில்லை.

நமக்கான ஈற்றடி 2006 பட்ஜெட்டில் வந்தது. கொடுத்தவர் நம் ஊர்க்காரர், அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம். நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்கும் வண்டிகளுக்கு உற்பத்தி வரி 24 சதத்திலிருந்து 16 சதமாகக் குறைந்தது. அந்த எட்டுச் சதம் என்ன செய்தது என்று பார்க்கலாம். டாடா தன் இண்டிகோவின் வாலை வெட்டி 2008-ல் நான்கு மீட்டருக்குள் கொண்டுவந்தது. மாருதியின் ஸ்விஃப்ட் டிசையர் முதலில் 4,160 மில்லிமீட்டர் இருந்தது. 2012-ல் 3,995 ஆயிற்று. 2013-ல் ஹோண்டாவின் அமேஸ் 3,990. 2014-ல் ஹூண்டாயின் எக்ஸென்ட் 3,995. பின்பெட்டி உள்ள வண்டி என்றால் மூக்கு, நடு, வால் என்று மூன்று பாகம் வேண்டும். மூன்றையும் நான்கு மீட்டருக்குள் அடக்கும்போது நடுவில் கை வைக்க முடியாது, அங்கே மனிதன் உட்கார வேண்டும். எஞ்சின் இருக்கும் மூக்கைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. மிச்சம் வால். எல்லோரும் வாலைத்தான் வெட்டினார்கள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரிவது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. பிறகு வந்த நெட்டை வண்டிகளும் அதே அடிக்குள்: 2013-ல் மறைமலைநகரில் ஃபோர்டு செய்த எக்கோஸ்போர்ட், 2016-ல் மாருதி பிரெஸ்ஸா, 2017-ல் டாடா நெக்ஸான், 2019-ல் ஹூண்டாய் வென்யூ. ஃபோர்டு 2022-ல் மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போய்விட்டது. நான்கு மீட்டர் மட்டும் போகவில்லை. உற்பத்தி வரி போய் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும், 2025 செப்டம்பரில் சிறு வண்டிக்கு 18 சதம், பெரியதற்கு 40 சதம் என்று ஜி.எஸ்.டி. மாறியபோதும் அதே அளவு தொடர்கிறது.

இதற்கு மேல் மோதல் விதிகள். 2017 அக்டோபரிலிருந்து இங்கே புதிதாக வரும் மாடல்கள் முன்மோதல், பக்கமோதல் சோதனைகளில் தேற வேண்டும். கூரையைத் தாங்கும் தூண்கள் தடித்தன, கதவுகள் உயர்ந்தன, கண்ணாடி குறுகியது. சாலையில் அடிபடுபவனின் தலை எஞ்சினில் மோதாமல் இருக்க மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி வந்தபின் மூக்குகள் மேலே எழும்பின. ஒரே வண்டியைப் பல நாடுகளில் விற்கும் கம்பெனிகள் எல்லா நாட்டு விதிகளுக்கும் பொதுவான ஓர் உருவத்தைத் தேடுகின்றன. பொதுவான உருவம் ஒன்றுதான் இருக்க முடியும்.

5

காற்றும் சட்டமும் போகட்டும். அவை கொடுத்த அளவுக்குள்ளும் பாட இடம் இருக்கிறதே, அங்கே ஏன் வித்தியாசம் இல்லை? இங்கே பயம் என்ற நான்காவது காரணத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஹரால்டு ஹோட்டெலிங் என்ற பொருளாதார நிபுணர் 1929-ல் ஒரு கணக்குப் போட்டார். நீளமான ஒரு தெரு. அதில் ஒரே சரக்கு விற்கும் இரண்டு கடைக்காரர்கள். தெருவின் இரு கோடிகளுக்கும் அருகே ஆளுக்கொருவராக உட்கார்ந்தால் வாங்குபவனுக்கு நடை மிச்சம். ஆனால் அப்படி உட்கார மாட்டார்கள். மற்றவன் வாடிக்கையை இழுக்க ஒவ்வொருவரும் நடுவை நோக்கி நகர்ந்து கடைசியில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். முட்டாள்தனத்தால் அல்ல, கெட்டிக்காரத்தனத்தால்.

புது மாடல் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான கோடி முதல் போடுகிறவன் தெருவின் கோடிக்குப் போகத் துணிவதில்லை. போனவர்களின் கதை அவனுக்குத் தெரியும். 2009-ல் வந்த நானோ யாரையும் பார்த்துச் செய்ததல்ல. எஞ்சின் பின்னால், சிறிய சக்கரங்கள் நான்கு மூலைக்கு, நடுவில் முழுக்க மனிதனுக்கு இடம். நான்கு பேர் ஒரு ஸ்கூட்டரில் போவதைப் பார்த்த மனத்திலிருந்து வந்த உருவம். பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. விலை குறைந்த கார் என்ற பேரே அதற்குப் பகையாகிவிட்டது. மலிவு என்று எல்லோரும் அறிந்த வண்டியை வாசலில் நிறுத்த ஜனங்கள் கூசினார்கள். ஆனால் கம்பெனிகள் கற்றுக்கொண்ட பாடம் வேறு: வித்தியாசம் விற்காது. ஏர்ஃப்ளோவிடமிருந்து அமெரிக்கர்கள் கற்றுக்கொண்டதும் இதே தவறான பாடம்தான்.

பயம் முற்றினால் உருவம் தனியாக இருக்கவேண்டும் என்ற பாவனையும் போய்விடும். ஒரகடத்தில் 2010-ல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து ஆலை திறந்தன. நிஸானின் மைக்ரா 2012-ல் ரெனோவின் பல்ஸ் ஆயிற்று. ரெனோவின் டஸ்டர் 2013-ல் நிஸானின் டெரானோ ஆயிற்று. கூரை ஒன்று, கதவு ஒன்று, பூட்டிய ஆளும் ஒருவனே; பெயர்த்தகடு இரண்டு. மாருதியின் பலேனோ 2019-லிருந்து டொயோடாவின் கிளான்ஸாவாகவும் விற்கிறது.

6

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கட்டிங் நண்பர் சிரித்தார். ‘இது எங்க ஊர்ல எப்பவும் நடக்குறதுதான் சார்’ என்றார். அவர் சொன்னது சரி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஒரே கூரையின் கீழ் மூன்று போட்டிக் கம்பெனிகளின் ஷூவுக்கு அப்பர் தைப்பது சாதாரணம். ஐரோப்பாவிலிருந்து பாத அச்சு வரும். அதற்குத் தக்க வார்ப்படம் வரும். அடுத்த வருஷத்துக்கான நிற அட்டை, கண்காட்சிகளில் எல்லோருக்கும் ஒன்றாக வரும். அச்சு ஒன்று, தோல் ஒன்று, நிறம் ஒன்று, தைக்கும் கை ஒன்று. கடைசியில் உள்ளே ஒட்டும் பெயர் மட்டும் வேறு. பெரிய ஊர்க் கடையில் அந்த ஜோடிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வேறுவேறு விலை எழுதி விற்கிறார்கள். அவர் கடைக்குப் போனால் விலை பார்ப்பதில்லை. நாக்கைத் தூக்கி உள்தையலைப் பார்ப்பார்.

ஆனால் இந்த வட்டாரத்துத் தோல் எப்போதும் இப்படி ஊர் பேர் இல்லாமல் இருந்ததில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிய தோல் இங்கிருந்து கப்பலேறியது. ஈஸ்ட் இண்டியா தோல் என்று உலகச் சந்தையில் அதற்குத் தனிப் பெயர். மஞ்சள் கலந்த அந்த நிறத்தையும் வாசனையையும் வேறு ஊரில் கொண்டுவர முடியவில்லை. சென்னையில் 1903 வாக்கிலேயே ஆல்ஃப்ரட் சாட்டர்டன் குரோம் முறையைப் பரிசோதித்தார் என்றாலும் பட்டைக் குழிகள் நெடுங்காலம் மூடவில்லை. 1972-ல் சீதாராமையா கமிட்டி, பாதி பதனிட்ட தோலை விற்பதில் நமக்கு லாபம் இல்லை, முடித்த சரக்காக விற்க வேண்டும் என்றது. 1973-ல் பாதித்தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அரபு நாடுகள் கார்களுக்குக் காற்றின் உருவத்தைக் கொடுத்த அதே வருஷம் டெல்லி நம் தோலுக்குப் புது உருவத்தைக் கொடுத்தது. தொழில் வளர்ந்தது, ஷூ வந்தது; பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். இதை மறுப்பது அநியாயம். கூடவே குரோம் வந்தது. குரோமில் பதனிட்ட தோல் இத்தாலியிலும் ஒன்றுதான், கான்பூரிலும் ஒன்றுதான், வாணியம்பாடியிலும் ஒன்றுதான். பாலாற்றுத் தண்ணீருக்கும் கிணறுகளுக்கும் என்ன நேர்ந்தது என்பதை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் எழுதிவைத்திருக்கிறது. உருவங்கள் ஒன்றாவதற்கு விலை உண்டு. வாங்குபவன் கொடுக்கும் விலையில் அது சேர்வதில்லை.

7

எழுத்து பத்திரிகை 1959 ஜனவரியில் வந்தது. பத்து வருஷத்துக்குள் புதுக்கவிதைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்ற புகாரும் வந்துவிட்டது. புகார் இன்னும் தீரவில்லை. சிறு வரிகள், பெயர் இல்லாத ஒரு ‘நான்’, ஒரு ஜன்னல், கடைசியில் திடீரென்று ஒரு படிமம். இதைப் பார்த்தவுடன் யாரிடமிருந்து எடுத்தாய் என்று கேட்கிறோம். கார்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது, அதற்கு முன்னால் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை. இந்த ஒற்றுமை காற்றுடையதா, அதாவது ஒரு காலத்தில் ஒரு மொழியில் வாழ்பவர்கள் எல்லோரும் எதிர்கொள்ளும் ஒரே எதிர்ப்பிலிருந்து வந்ததா? ஈற்றடியுடையதா, அதாவது நாலு பக்கச் சிறுபத்திரிகையில் அரைப் பக்கம்தான் கிடைக்கும் என்பதிலிருந்து வந்ததா? அல்லது தெருவின் நடுவை நோக்கி நகர்ந்ததா?

முதல் இரண்டையும் குற்றம் சொல்ல விமர்சகனுக்கு உரிமை இல்லை. ஈற்றடி கொடுத்த பின்னும் நல்ல புலவன் யார் என்பது தெரியத்தான் செய்தது. சொல்லப்போனால் அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது. முஷாயிராவில் இருபது பேர் அதே கடைசிச் சொல்லில் முடிக்கும்போது பத்தொன்பது பேர் அந்தச் சொல்லை எட்டிப் பிடிக்க ஓடுவது தெரிகிறது; இருபதாமவரிடம் அந்தச் சொல் தானாக வந்து உட்காருகிறது. மூன்றாவதுதான் நம் விஷயம். அங்கே யாரும் அடி கொடுக்கவில்லை. நாமே ஓர் அடியைக் கற்பித்துக்கொண்டு, அதற்குள் அடங்கி, அடங்கியதைக் காலத்தின் நிர்ப்பந்தம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

நேற்று கட்டிங் நண்பரிடம் கேட்டேன்: முப்பது வருஷம் ஒரே மாதிரியான துண்டுகளை வெட்டிக்கொண்டே இருந்தது அலுக்கவில்லையா? அவருக்குக் கேள்வி புரியவில்லை. ‘துண்டு ஒண்ணுதான், தோல் ஒண்ணில்லையே’ என்றார். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், ஷூவின் முன்முகத்தை அங்கே வெட்ட வேண்டும். வயிறு தளர்ந்திருக்கும், இழுத்தால் நீளும். வெளியே தெரியாத இடங்களுக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டும். உயிரோடு இருந்தபோது முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த குழி, சூடு போட்ட தழும்பு ஒவ்வொரு தோலிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். விரலால் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அவற்றையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு, இடது காலும் வலது காலும் ஒரே நிறத்தில் ஒரே இழுப்பில் வரும்படி வெட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு மாட்டைப்போல் இன்னொரு மாடு இருந்ததில்லை என்றார். ஆயிரம் ஜோடியும் ஒன்றுபோல் வெளியே போனால் அன்றைக்கு அவர் வேலை சரி. அதில் எந்த ஜோடியில் எந்தத் தழும்பை ஒதுக்கினார் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

டிரைவர் நண்பர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாலையில் வந்த ஒரு வண்டியைக் காட்டி, பின்னால் இருக்கும் பெயரைப் படிப்பதற்கு முன்பே, கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்றார்.